மலர்விழி என்ற பெயரில் இருக்கும் என் மகனுக்கு

தம்பி,

வீட்டுச் செய்திகளிலிருந்தே தொடங்குகிறேன், அவை நல்லவை. உன் அண்ணையின் மூத்தவன் பொறியியல் முடித்துப் பாலம் கட்டும் வேலையில் இருக்கிறான். அவன் நின்று கட்டுவித்த பாலத்தில் இப்போது பஸ் ஓடுகிறது. அண்ணை அதைப் பார்க்கவென்றே போய், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து, அது போதாமல் பஸ்ஸிலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். அவனுடைய இளையவள் சட்டம் படிக்கிறாள். விவாதப் போட்டியில் அவளை எதிர்த்துப் பேச வந்த பெடியன் தன் முறை வந்ததும் தண்ணீர் கேட்டானாம். அக்காவின் மகள் அபிராமி கணித ஆசிரியை. கணிதம் என்றால் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற பிள்ளைகள் இப்போது சனிக்கிழமையும் அவளைத் தேடி வந்து எங்கள் படலையைத் தட்டுகிறார்கள். அவளுடைய தம்பி சுன்னாகத்தில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடை போட்டிருக்கிறான். பட்டம் இல்லை என்று நீ அவனைக் கணக்கில் சேர்க்கமாட்டாய், நான் சேர்ப்பேன். உன்னுடைய மகளைப் பற்றியும் இந்த இடத்தில் இரண்டு வரி எழுத ஆசைதான், ஆனால் எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன படிக்கிறாள் என்று கேட்டால் நன்றாகப் படிக்கிறாள் என்கிறாய்.

இவற்றில் ஒன்றுகூட உனக்குப் புதிதில்லை. பாலத்தின் படத்தை அண்ணை முகநூலில் போட்ட அன்றைக்கே நீ பார்த்திருப்பாய். விவாதத்தில் வாங்கிய கேடயத்தைப் பெரிதாக்கி, அது வெள்ளியா வெறும் பூச்சா என்றுகூடப் பார்த்திருப்பாய். கடை திறப்புப் படத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, அக்கா எந்தச் சேலையை இரண்டாம் தரம் கட்டியிருக்கிறாள் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவருக்காவது 'கெட்டிக்காரன்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறாயா? மாமா பார்க்கவே இல்லைப் போல என்று கடைக்காரப் பெடியன் எவ்வளவு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான் தெரியுமா? எழுதினால் நீ பார்த்தது தெரிந்துவிடும், அதுதானே உன் பயம். தாய்மாமனுக்கு மருமகனுடைய கடையைப் பார்ப்பதிலே என்ன களவு?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து உருண்டை உருண்டையாகத்தான் வரும். இருந்தும் இந்தக் கடிதத்தை ஒருவரிடமும் சொல்லி எழுதுவிக்காமல் நானே எழுதுகிறேன். ஒளித்தும் எழுதவில்லை. முன்விறாந்தை மேசையில் வைத்து எழுதுகிறேன், போகிற வருகிறவர்கள் எட்டி வாசித்துவிட்டுப் போகிறார்கள். எழுதி முடிந்ததும் அபிராமி படம் பிடித்து, எங்கள் குடும்பத்தார் எல்லோரும் போனில் கூடியிருக்கும் இடத்தில் போடுவாள். உன் அண்ணை வாசிப்பான், உன் பெண்சாதி வாசிப்பாள், நீயும் வாசிப்பாய். இந்த ஒருமுறையாவது நீ வாசிப்பதை எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

அபிராமிக்கு மருதனார்மடத்துச் சம்பந்தம் வந்தபோது நாங்கள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தகப்பனுடைய இடத்தில் நின்று விசாரிக்க வேண்டியவன் தாய்மாமனாகிய நீ. கனடாவில் இருந்தால் என்ன, போன் இருக்கிறது. பெடியனின் தகப்பனுடைய இலக்கத்தை அனுப்பி, ஒருக்கால் எடுத்துக் கதை, நான்தான் பெண்ணின் மாமன் என்று சொல்லு, கேட்க வேண்டியதைக் கேள், அவர்களும் உன்னைக் கேட்கட்டும் என்று அக்கா சொன்னாள். நீயும் ஓம் என்றாய். கொஞ்சக் காலம் கழித்து, விசாரித்துவிட்டேன், நல்ல ஆட்கள் என்று சொன்னாய். அதோடு நின்றாயா? பெடியன் நிமலன் நில அளவையாளன், அது எங்களுக்குத் தெரியும். அவனுடைய தமக்கை புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்றாய். வீட்டுக்கு மாபிள் பதித்தது கிட்டடியில்தான் என்றாய். தாய் சிவகாமி ஒரு நல்ல மனுசி, ஆனால் எதற்கெடுத்தாலும் மனம் உடைந்துபோகிற ஆள் என்றாய். ஒவ்வொரு தரமும் போனில் புதிதாக ஒன்று வரும்.

அதையெல்லாம் எங்கே கேட்டாய் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அதில் என் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்கிற மாதிரி நீ சொன்னதையெல்லாம் தின்றுகொண்டிருந்தேன். என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன், கடல் தாண்டி இருந்துகொண்டு மருதனார்மடத்து வீட்டின் தரையைச் சொல்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் பெருமை பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் இப்போதுதான் விளங்குகிறது.

விசாரிப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. விசாரிக்காமல் பெண் கொடுக்க நாங்கள் என்ன பைத்தியமா? என்னை உன் அப்பாவுக்குப் பேசியபோது என் தகப்பனார் சுன்னாகத்திலிருந்து சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் வந்தார். பட்டப்பகலில், தோய்த்த வேட்டியோடு வந்தார். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஆட்களிடம், நான் இன்னார், இன்ன பெடியனுக்கு என்னுடைய பிள்ளையைப் பேசுகிறோம், எப்படியான பெடியன் என்று கேட்டார். கேட்டு முடித்தவர் திரும்பிப் போகவில்லை. நேரே உன் அப்பப்பாவின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். "உங்கடை பெடியனைப் பற்றி நாலு பேரிட்டைக் கேட்டனான். மூண்டு பேர் நல்லாச் சொன்னவை. ஒராள் கோவம் கூட எண்டவர். கேட்டதை உங்களுக்குச் சொல்லாமல் போறது சரியில்லை, அதுதான் வந்தனான்" என்று சொன்னாராம். உன் அப்பப்பா கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, "கோவம் கூடத்தான். எனக்கும் கூட. உங்கடை பிள்ளைக்கு எப்பிடி?" என்று கேட்டாராம். "அவளுக்கு உங்கள் ரெண்டு பேரையும் விடக் கூட" என்று என் தகப்பனார் சொன்னதாகத்தான் கேள்வி. அந்தக் கோபக் கதையைச் சொன்னவர் யார் என்று அவர் சாகும்வரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இதை எழுதுவது அந்தக் காலத்து மனிதர் எல்லாம் தங்கம் என்று காட்டுவதற்கல்ல. அந்தக் காலத்திலும் உன்னைப் போன்றவர்கள் இருந்தார்கள். என் தங்கச்சிக்குப் பேசிய முதல் சம்பந்தத்தை ஒரு மொட்டைக் கடதாசி முறித்தது. பெயர் போடாமல் எவனோ எழுதிப் போட்டான். எழுதியவன் அதற்குப் பிறகும் எங்கள் ஒழுங்கையால், எங்கள் படலையைத் தாண்டிப் போய் வந்திருப்பான், கோயிலில் எங்கள் பக்கத்தில் நின்று கும்பிட்டிருப்பான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்ப வரும். அவன் பெயர் இல்லாமல் எழுதினான், நீ பெயர் இல்லாமல் வாசித்தாய். உன்னை ஒரு படி மேலே வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. அவன் குறைந்தது இன்னொருவருடைய பெயரை எடுக்கவில்லை.

மருதனார்மடத்தார் அபிராமியைப் பெண் பார்க்க வந்த நாளை உனக்கு மறுபடியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ போனைக் கட் பண்ணிவிட்டு ஓடியவன், முழுவதையும் பார்க்கவில்லை. பெடியன், தாய் சிவகாமி, தகப்பன், தகப்பனுடைய தமையன் என்று நாலு பேர் வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அபிராமியும் நிமலனும் முதலே போனில் கதைத்துப் பழகியவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்து ஒன்றும் தெரியாத மாதிரி இருந்ததில் எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு. அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். முந்தின நாள் நீ அவளுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தாய் அல்லவா, பெடியனின் தகப்பனுக்குச் சீனி போடாமல் கொடு, அரியதரம் மாதிரி இனிப்பு ஒன்றும் வைக்காதே, கடலை வை, மனுசன் சந்தோஷப்படும் என்று. அவள் பாவம், நீ அந்த மனுசனோடு கதைத்துத்தான் சொல்கிறாய் என்று நினைத்தாள். அவருக்கென்று வேறு கோப்பை எடுத்து, வேறாக ஊற்றி, முன்னால் கடலையையும் வைத்தாள்.

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுக்குச் சீனி போட மறந்திட்டியள் போலை" என்றார், சிரித்துக்கொண்டுதான். அக்காவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மறக்கேல்லை. உங்களுக்குச் சீனி வருத்தம், ஊசியும் போடுறியள் எண்டு கனடாத் தம்பி சொன்னவன். அதுதான் உங்களுக்குப் புறம்பா ஊத்தினனான்."

அந்த மனுசன் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த தமையன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். நிமலன் தாயைப் பார்த்தான். கூடப் பிறந்த தமையனுக்கே தெரியாமல் அவர்கள் வைத்திருந்த விஷயம் அது. மகனுக்கு ஒரு நல்லது நடந்து முடியட்டும் என்று வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை உன் அக்கா கடலையோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டாள். அவர்கள் எங்களுக்கு அதை மறைத்தது சரியா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். போன் எடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லாமல் விட்டிருப்பார்கள். சொல்லாமல் விட்டால் அது அவர்களுடைய பிழை என்று நாங்கள் தலை நிமிர்ந்து கேட்டிருக்கலாம். அந்த வழியையும் நீதான் அடைத்தாய்.

சிவகாமி கோபப்படவில்லை. "கனடாத் தம்பிக்கு இதை ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்கு இன்னும் விளங்கவில்லை, அவனிடமே கேட்போம் என்று உனக்குப் போன் எடுத்து மேசையில் வைத்தாள். நீ வழக்கம்போல் உன் முகம் தெரியாமல் கமராவை மூடிக்கொண்டுதான் வந்தாய். கறுப்புக் கட்டத்துக்குள் இருந்து உன் குரல் மட்டும், ஊரிலே எல்லோரும் கதைக்கிறார்கள்தானே என்றது.

"ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் சிவகாமி. "இவரின்ரை தமையன் இஞ்சை பக்கத்திலை இருக்கிறார், அவருக்கே இப்பதான் தெரியும். நான் ஒராளுக்குத்தான் எழுதினனான். என்னோடை பள்ளிக்கூடத்திலை படிச்ச மலர்விழிக்கு. அவவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நீ, "அக்கா, லைன் வெட்டுது, நான் பிறகு எடுக்கிறன்" என்றாய். லைன் வெட்டவில்லை, தம்பி. உன் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஓடிய சத்தம்கூட எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர்கள் கடலையையும் தேநீரையும் அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்கள். படலைவரை போன நிமலன் மட்டும் திரும்பி அபிராமியைப் பார்த்தான். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் நீ அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாயாம், நல்லதுக்குத்தான் செய்தேன் என்றாயாம். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாயாம். அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

நீ செய்ததை உன் முகத்துக்கு நேரே ஒருக்கால் எழுதிக் காட்டுகிறேன். சிவகாமி தன் முகநூல் பக்கத்தில் ஒரு பழைய வகுப்புப் படத்தைப் போட்டு, மலர்விழி, நீ எந்த நாட்டில் இருக்கிறாய், யாராவது கண்டால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். இடப்பெயர்வில் பிரிந்த சிநேகிதி. உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒரு ரோசாப்பூப் படத்தை ஒட்டி, மலர்விழி என்று பெயர் போட்டு, சிவா, என்னைத் தெரிகிறதா என்று எழுதினாய். அந்த மனுசி அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினாளாம், சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று. பிறகு அவள் தன் மனத்தில் உள்ளதையெல்லாம் எழுத எழுத, என் வயிற்றில் பிறந்த, வயது ஐம்பது கடந்த ஒரு ஆண்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்து வாசித்து, ஐயோ பாவம் சிவா என்று பதிலும் போட்டிருக்கிறான். அவள் என்னென்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீயும் அதைச் சாகும்வரை ஒருவருக்கும் சொல்லக் கூடாது, உன் பெண்சாதிக்கும்.

இப்போது எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள், அம்மாவுக்கு உலகம் தெரியாது என்று நீ அக்காவிடம் சொன்னாயாம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சாளின் வீட்டுக் குசினி அடுப்பைப் பார்த்து வயிறெரிகிறவர்கள், பழைய சிநேகிதியின் புருஷனுக்கு வயிறு பெருத்து வண்டி வைத்துவிட்டதா என்று பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள், கதைக்காத தம்பியின் பிள்ளை சோதனையில் தவறிவிட்டதா என்று தேடுகிறவர்கள். நேரில் கண்டால் அவர்கள்தான், உங்களைக் கண்டு எவ்வளவு காலம், எப்படி இருக்கிறீர்கள் என்று கையைப் பிடிப்பார்கள். காலையில்தான் அந்த வீட்டுச் சோற்றுப் பானைவரை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களை நான் மனிதரில் சேர்ப்பதில்லை. நீயும் அவர்களில் ஒருவன் என்று தெரிந்த பிறகு என் கணக்கை உனக்காக மாற்றவும் மாட்டேன்.

இது உனக்கு இன்றைக்கு வந்த பழக்கமில்லை. நீ சின்னவனாக இருந்தபோது பாக்கியம் அக்கா வீட்டில் தொலைக்காட்சி வாங்கினார்கள், நினைவிருக்கிறதா? ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லாம் போய்ப் பாயில் இருந்து பார்க்கும். நீ மட்டும் போகமாட்டாய். வேலியில் கிடுகை விலக்கிக்கொண்டு வெளியே நின்று பார்ப்பாய். பாக்கியம் அக்கா உன்னைக் கண்டுவிட்டு, "உள்ளை வாவன் மோனை, கால் உளையப் போகுது" என்று கூப்பிடுவாள். கூப்பிட்டதும் ஓடிவிடுவாய். உள்ளே போனால் மற்றப் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும், தண்ணீர் தந்தால் குடிக்க வேண்டும், போகும்போது போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டும். உனக்குப் படம் வேண்டும், அவர்கள் வேண்டாம். நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். உன் அப்பாதான், உவன் கூச்சக்காரன் இல்லை, உவனுக்கு ஒருத்தருக்கும் கடமைப்பட விருப்பமில்லை என்று சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பார்க்காமல் இருக்கவும் உனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நீ எங்களோடுதான் இருந்தாய், மீசை வந்த பெடியன். ஒரே வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம். நடுவில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டோம், அதுதான் சுவர். காற்றடித்தால் சேலை விலகும். விலகும்போது ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டோம். அந்தப் பக்கத்து மனுசன் ஒருநாள் பெண்சாதியோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். இந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். விடிந்ததும் அவரைப் பார்த்து நீதான், "அண்ணை, கிணத்தடிக்குப் போறன், உங்கடை வாளியையும் தாங்கோ" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் வாளியைத் தந்துவிட்டு உன் தலையைத் தடவினார். அன்றைக்கு உன்னைப் பார்த்து, என்ன பிள்ளை பெற்றிருக்கிறேன் என்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. ஒரு சேலைக்கு நீ கொடுத்த மரியாதையை இவ்வளவு பெரிய கடலுக்குக் கொடுக்க முடியவில்லையே உனக்கு.

போன வெள்ளிக்கிழமை நான் அபிராமியின் தம்பியுடைய மோட்டார் சைக்கிளில் ஏறி மருதனார்மடம் போனேன். இந்த வயதில் அது எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர்கள் கதவைச் சாத்துவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சிவகாமியே வந்து கையைப் பிடித்து ஏற்றினாள். மாபிள் தரை நீ சொன்ன மாதிரித்தான் இருந்தது. அதில் கால் வைக்க எனக்குக் கூசியது. நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். என் மகனுக்குப் பதிலாக அல்ல, உன் மன்னிப்பை நீதான் கேட்க வேண்டும். நீ கொண்டுவந்த கதைகளைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனே, அதற்குத்தான் கேட்டேன். பிறகு, என் மகனுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன், அதில் உங்கள் சீனி வருத்தத்தை எழுதலாமா, உங்கள் சிநேகிதியைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு பேரையும் கேட்டேன்.

தகப்பன்காரர் சிரித்துவிட்டார். "எழுதுங்கோ அம்மா, இனி ஒளிச்சு என்ன. தமையன் வேப்பம்பூவும் பாவக்காயும் கொண்டுவந்து குவிச்சிட்டார். ஆனால் ஊசி எண்டு மொட்டையா எழுதாதேங்கோ, இன்சுலின் எண்டு எழுதுங்கோ. இந்தக் காலத்திலை ஊசி எண்டால் சனம் வேறை நினைக்கும்" என்றார். ஆகவே எழுதுகிறேன், அவர் போடுவது இன்சுலின்.

சிவகாமி சிரிக்கவில்லை. சிநேகிதியின் பெயரை எழுதுங்கள், அவள் எங்காவது இருந்து காணட்டும் என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "அபிராமியிலை எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. நிமலனும் அவளைத்தான் கலியாணம் செய்யிறன் எண்டு நிக்கிறான். ஆனால் கலியாணத்திலை தாய்மாமன் எண்டு ஒராள் வந்து நிப்பார். அந்த ஆள் என்ரை வீட்டுக்குள்ளை, என்ரை மனசுக்குள்ளை எல்லாம் வந்து போனவர். அவரின்ரை முகம் எனக்குத் தெரியாது. ரோசாப்பூத்தான் தெரியும். முகத்தைக் காட்டச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு கலியாண நாளைப் பாப்பம்."

உங்கள் மகனுடைய முகத்தைக் காட்டுங்கள் என்று ஒரு மனுசி கேட்கும்போது என்னிடம் காட்ட ஒரு படம் இல்லை. உன் சொந்தப் பெயரில் உள்ள பக்கத்தைத் திறந்தால், உன் மகள் பல்லு விழுந்த காலத்தில் எடுத்த உன் படம் ஒன்று இருக்கிறது. தலை நிறைய முடி, பக்கத்தில் வேறு யாருடையதோ ஒரு சிவப்புக் கார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என்னோடு கதைக்கும்போதும் கறுப்புக் கட்டம்தான். பெற்றவளுக்கே நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாது. முடியெல்லாம் கொட்டிவிட்டது, அதுதான் அத்தானுக்கு வெட்கம், கமராவைத் திறக்கமாட்டார் என்று உன் பெண்சாதி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு உன்னை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்தவனுடைய இரத்தத்தில் எவ்வளவு சீனி என்று அறிந்து வைத்திருக்கிறவனுக்குத் தன் மொட்டந்தலையைப் பெற்ற தாய் பார்ப்பது வெட்கமாம்.

உன் அப்பாவுக்கு உன் வயதில் பின்கழுத்தில் மட்டும்தான் கொஞ்சம் முடி இருந்தது. அந்தத் தலையோடுதான் கோயில் வீதியில் சட்டையில்லாமல் முன் வரிசையில் நின்றார், அந்தத் தலையோடுதான் அக்காவின் கலியாணத்தில் எல்லோரையும் வாருங்கள் என்று கூப்பிட்டார். பெடியள் சிரித்தார்கள், அவர் தடவிக்காட்டிக்கொண்டு தானும் சிரித்தார். ஒருவரும் அவரை மறைந்து பார்க்க வேண்டி இருக்கவில்லை, அவரும் ஒருவரையும் மறைந்து பார்த்ததில்லை.

அபிராமி அழுதுகொண்டு திரிகிறாள் என்று நினைக்காதே. அவள் என் பேத்தி. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். உன் மேல் கோபமா என்று நான் கேட்டதற்கு, "மாமா எனக்காகத்தான் செய்தவர். ஆனால் அவர் என்னட்டை ஒண்டுமே கேக்கேல்லையே, அம்மம்மா. நிமலனைப் பற்றி ஆரிட்டையும் விட எனக்குத்தானே கூடத் தெரியும்" என்றாள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கே சொல்லு. கும்பாபிஷேகம் முடிந்து கோயில் வாசலில் இருந்து ஆட்கள் கலைந்து போகிற மாதிரி இந்தச் சம்பந்தமும் மெல்ல மெல்லக் கலைந்து போக நான் விடமாட்டேன். மருதனார்மடத்தார் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள். நீ வர வேண்டும்.

முதலில் அந்த ரோசாப்பூவைக் கழற்று. மலர்விழியின் பெயரை அவளுக்கு விட்டுவிடு, அவள் எங்காவது இருந்தால் அவளுக்கு அது தேவைப்படும். சிவகாமிக்கு நீயே போன் எடு, கமராவைத் திறந்து வைத்துக்கொண்டு எடு. அவள் உன்னைப் பேசுவாள், ஏசுவாள். லைன் வெட்டுகிறது என்று சொல்லாமல் முழுவதையும் கேள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு எடுத்த படமாக இருக்கட்டும். தொப்பி வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம், யாருடைய காரும் வேண்டாம். வெளிச்சமான இடத்தில் நில். உன் பெண்சாதியையோ மகளையோ எடுக்கச் சொல்லு, அப்படியாவது அவர்களோடு கதைப்பாய். அப்பா வைத்த உன் பெயரில், மருதனார்மடத்தார் பார்க்க, உன் அண்ணையும் அக்காவும் கடைக்காரப் பெடியனும் பார்க்கப் போடு. நாங்கள் எல்லோரும் பார்ப்போம், பார்த்ததை உனக்குச் சொல்லுவோம். நான் அபிராமியின் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதிரையில்தான் இருக்கிறேன். உன் மொட்டந்தலையோடு ஒரு புதுப் படம் போடு, மோனை.

அம்மா